வாடைக்குச் சொந்தக்காரி

மானத்துக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேரம் பேசிப் பார்த்ததில்லை. அரையிஞ்சின் வீட்டில் அதன் விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம். கட்டாயப் பிடித்தம் பன்னிரண்டாயிரம் போகக் கைக்கு வந்தது மூன்று லட்சத்து அறுபத்தெட்டு. ரசீதில் என்னவோ வேறு மாதிரிதான் எழுதியிருந்தது: கழிவுத் தொட்டி, குழாய் இணைப்புகள், தரைப்பலகை, வகையறா சேதம். ரசீது எழுதுகிறவனுக்கு எல்லாமே வகையறாதான்.

அரையிஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கடைத்தெரு வைத்தது. பைப்பு, வால்வு, முழங்கை, வாஷர் என்று தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் வேண்டிய சகல சாமானும் விற்கிற கடை அவருடையது. விலையில் யார் எவ்வளவு இழுத்தாலும் அரை இஞ்சுக்கு மேல் அசைய மாட்டார் என்று அந்தப் பெயர். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. தான் வாங்கப் போகிற இடத்தில் மட்டும் எதிராளி கஜக்கணக்கில் நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அவர் மனைவிக்கு ஒரு தொந்தரவு இருந்தது. இரண்டாவது பிரசவத்தோடு வந்தது. சிறுநீரை அடக்க முடியாது. இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், படி இறங்கினால் துணி நனைந்துவிடும். வைத்தியம் பார்த்தார்கள். பாதி சரியானது, மீதிப் பாதியோடு அவள் பழகிக்கொண்டாள். வெளியூர் போக வேண்டுமென்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். மற்றவர்கள் ஓர் ஊரை அதன் கடைவீதியை வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள், அவள் கழிப்பறையை வைத்து. இந்த ஊரில் தாழ்ப்பாள் இல்லை, அந்த ஊரில் தண்ணீர் இல்லை, இன்னோர் ஊரில் கதவே இல்லை. அப்புறம் அவளுடைய தேசப்படத்திலிருந்து ஊர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் அரை நாள் பயணத்தில் இருக்கும் தங்கச்சி வீடுகூட உதிர்ந்துபோனது.

இந்த இடத்தில் அரையிஞ்சுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கேரவன் வாங்க வேண்டும் என்பது அவருக்கே தோன்றியது. யாரும் கேட்கவில்லை. கட்டில், அடுப்பு, முக்கியமாகத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. புதிது என்றால் கடையை விற்க வேண்டும். ஒரு டூர் கம்பெனி இழுத்து மூடுகிற நிலையில் இருந்தது. பழைய வண்டி ஒன்றை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்.

போனவர் மெத்தையை அமுக்கிப் பார்க்கவில்லை, எஞ்சினை முடுக்கிக் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"அடியில என்ன சார் தேடுறீங்க?" என்றார் மேனேஜர்.

"உங்க விலையைத்தான். எங்க ஒழுகுதுன்னு பாக்கறேன்."

கழிவுத் தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயை இணைக்கிற ரப்பர் கப்ளிங் முதிர்ந்து வெடித்திருந்தது. அரையிஞ்சு அதைத் தொட்ட விரலோடு வெளியே வந்து, அந்த விரலை மேனேஜருக்கு முன்னால் நீட்டி வைத்துக்கொண்டே பேரம் பேசினார். அந்த விரலோடு வாதாட யாருக்கு மனம் வரும்? முப்பத்தைந்தாயிரம் இறங்கியது.

வண்டி வீட்டுக்கு வந்தது. பெண் பெயரில் பதிந்தால் வரி கொஞ்சம் குறைவு என்பதால் மனைவி பெயரில் பதிந்தார். இன்சூரன்ஸும் அவள் பெயரிலேயே போனது. இனி அந்த ரப்பரை மாற்ற வேண்டும். சரியான அளவுள்ளதை வெளியிலிருந்து வரவழைத்தால் எட்டாயிரம். கடையில், குழாயை வளைத்துத் திருப்புகிற விறைப்பான பிளாஸ்டிக் முழங்கை கூடை நிறையக் கிடந்தது. பசை போட்டு ஒட்டினால் சல்லிக் காசு செலவில்லை.

அவருக்குத் தெரியாத விஷயமல்ல. மோட்டார் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்கிற பாடமே அதுதான். "அதிர்ற இடத்துல விறைப்பான பைப்பு போடாதீங்க. இன்னைக்குப் பிடிக்கும், நாளைக்கு விரிசல் விடும். ரப்பர் போட்டுக்கங்க." இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ரப்பர் விற்றார். ஆனால் அது வாடிக்கையாளருக்கான பாடம். தன் கடைச் சாமானைத் தானே காசு கொடுத்து வாங்குவது போல, தன் புத்திமதியைத் தானே கேட்பதும் அவருக்கு நஷ்டமாகப் பட்டது. முழங்கையை ஒட்டினார். முப்பத்தைந்தாயிரமும் மிச்சம் என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார்.

முதல் பயணத்தில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி ஒன்றும் நடக்கவுமில்லை. நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அவள் ஒரு டீ குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னொண்ணு வாங்கித் தரீங்களா?" என்றாள். அவ்வளவுதான். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அவள் வழியில் எதையும் குடித்து அவர் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் சில்லறைகூடக் கேட்காமல் வந்து வண்டியில் ஏறினார்.

அதற்கப்புறம் கடல் பார்த்தார்கள், மலை பார்த்தார்கள். தங்கச்சி வீட்டுக்கு மட்டும் மாதம் தவறாமல் போனார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள், அவருக்குப் படிக்கத் தெரியாத மாதிரி.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், வழியில் அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, ஏதோ வாடை வருதே. உங்களுக்கு வரலை?"

வந்தது. முந்தின வாரமே வந்தது. அவர் அடியில் படுத்துப் பார்த்து, முழங்கையின் கழுத்தில் ஈரம் கோத்திருப்பதைக் கண்டு, மேலே கொஞ்சம் பசையை அப்பிவிட்டு வந்திருந்தார். ஒழுங்காகச் செய்வதென்றால் தொட்டியை இறக்க வேண்டும், ரப்பர் வரவழைக்க வேண்டும், மிச்சம் பிடித்தேன் என்று சொன்ன கடைத்தெருவில் அந்த ரப்பரோடு நடக்க வேண்டும். முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. எரிச்சலில் ஹாரனை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"வண்டியில ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் இப்பல்லாம் ஜாஸ்தியா இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரு."

அவள் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டாள். பலகைகளைப் படிப்பதும் அதோடு நின்றது.

அவர் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். திரும்பச் சொல்லத் தேவையே வரவில்லை. ஒருமுறை சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொண்டு, தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் போல, அவள் அன்றிலிருந்து கட்ட ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு மூன்று குளியல். பையில் மாற்றுத்துணி. வண்டியின் ஒவ்வொரு தட்டிலும் வாசனை ஸ்ப்ரே, அலமாரி மூலைகளில் நாப்தலின் உருண்டை, கட்டிலுக்கடியில் பவுடர் டப்பா. தங்கச்சி வீட்டில் வாசலோரம், காற்று வருகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். அவர் அதையெல்லாம் பார்த்தார். தொட்டியை அடுத்த மாதம் இறக்கிவிடலாம் என்று நினைத்தார். கடை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அடுத்த மாதம் என்பது எவ்வளவு பெரிய கிடங்கு என்று. எதை வேண்டுமானாலும் அதில் போட்டு வைக்கலாம்.

தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அடியில் படீரென்று ஒரு சத்தம். முழங்கை முறிந்து, அதன் இழுப்பில் தொட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, குழாய்களையெல்லாம் பிய்த்துக்கொண்டு தொங்கியது. உள்ளே தரைப்பலகை வீங்கி வாய் பிளந்தது. மேற்கொண்டு வர்ணிக்க வேண்டாம். கயிறு கட்டி இழுத்து வந்த லாரிக்காரன் இரட்டைக் கூலி கேட்டான், அரையிஞ்சு பேரம் பேசாமல் கொடுத்தார்.

பாலிசி விற்ற ஏஜெண்ட் மறுநாளே வந்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணே, இதுல ரெண்டே வார்த்தைதான். 'திடீர்'னா பணம். 'கசிவு'ன்னா டாட்டா. திடீர்னு உடைஞ்சா கம்பெனி கொடுக்கும். நாள்பட ஒழுகி உளுத்துப்போனா, பராமரிக்காதது உங்க தப்புன்னு சொல்லிட்டுப் போயிடும். தூக்கத்துல உளறினாக்கூட கசிவுன்னு உளறாதீங்க."

"திடீர்னுதானே உடைஞ்சது?"

"அப்படித்தான் அண்ணே. அதே முகத்தோட சொல்லுங்க."

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒல்லியான மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கேமரா. தொட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளியில் சேதமே தெரியாத இடத்தில், தரையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடிவரை இறங்கியது.

"எத்தனை மாசமா ஊறுது சார்?"

"முந்தின ஓனர் காலத்துல மழைத்தண்ணி இறங்கியிருக்கும்."

"மழைத்தண்ணி இந்த நிறத்துல இருக்காது சார்."

சர்வேயர் தரையைப் படம் எடுத்தார், முறிந்த முழங்கையைப் படம் எடுத்தார், அலமாரிகளைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. சேதம் நாள்பட்ட கசிவால் ஏற்பட்டது, பாலிசியில் விலக்கப்பட்டது, வருந்துகிறோம்.

அரையிஞ்சு வருந்தவில்லை, கிளம்பினார். கடிதத்துக்குக் கடிதம், கையெழுத்துக்குக் கையெழுத்து. கம்பெனி ஆபீஸில் ஒருவர் காபி வரவழைத்துக் கொடுத்து, "கருணை அடிப்படையில நாப்பது பர்சன்ட் பண்ணித் தரலாம்" என்றார். "கருணையெல்லாம் உங்க வீட்டுல இருக்கவங்களுக்குக் காட்டுங்க, எங்கிட்ட கணக்குப் பேசுங்க" என்று காபியைக் குடிக்காமல் வந்தார். உண்மையில் இந்தச் சண்டை அவருக்குப் பிடித்திருந்தது. பேரத்தில் ஊறினவருக்கு எதிராளி எவ்வளவு பெரிய கடை வைத்திருக்கிறானோ அவ்வளவு உற்சாகம். குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு போட்டார். அங்கே வைக்க ஒரு வாதமும் தயார் செய்தார். கூடத்தில் உட்கார்ந்து ஏஜெண்டிடம் அதைச் சொல்லிப் பழகினார்.

"ஆறு மாசமா கழிவுத் தொட்டி கசிஞ்சா நாறாதா? மூக்கு இருக்கிற மனுஷன் எவனாவது நாறுற வண்டியில பொண்டாட்டியை உக்காரவெச்சு ஊர் ஊராப் போவானா? நாங்க போனோம். மாசா மாசம் போனோம். அப்ப வாடை இல்லன்னுதானே அர்த்தம்? வாடை இல்லன்னா கசிவு இல்ல. கசிவு இல்லன்னா திடீர்."

"அண்ணே, நீங்க பைப்பு விக்கவேண்டிய ஆளே இல்ல," என்றான் ஏஜெண்ட்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

விசாரணைக்கு அவளும் வர வேண்டியிருந்தது, பாலிசி அவள் பெயரில் அல்லவா. "நீ ஒண்ணும் பேசவேண்டியதில்ல. கையெழுத்துதான்," என்று சொல்லிக் கூட்டிப்போனார். மூன்றாவது மாடி. கண்ணாடி போட்ட நீள மேஜை. கண்ணாடிக்கடியில் யாரோ எப்போதோ செருகி வைத்த டெலிபோன் நம்பர்கள். மேஜையின் தலைப்பக்கம் அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்த பெண்மணி. பக்கத்தில் கணினியில் தட்டச்சு செய்கிற குமாஸ்தா. எதிரே சர்வேயர். அவள் வந்ததும் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னலோர நாற்காலிக்குப் போய், அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

அரையிஞ்சு தன் வாதத்தை நன்றாகவே சொன்னார். அதிகாரி இரண்டு இடத்தில் தலையாட்டினார். சர்வேயர் ஒரு படத்தை மேஜையில் தள்ளினார். கேரவனின் அலமாரி. வரிசையாக ஸ்ப்ரே பாட்டில்கள், நாப்தலின், பவுடர்.

"வாடை இல்லைன்னு சொல்றார் மேடம். வாடை இல்லாத வண்டியில இவ்வளவும் எதுக்கு?"

அதிகாரி படத்தை எடுத்துப் பார்த்தார். "எதுக்கு?" என்று அரையிஞ்சைக் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வி வரும் என்று தோன்றியிருக்கவில்லை.

"அது வண்டிக்காக வாங்கினது இல்லீங்க," என்றாள் அவள். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "எனக்காக வாங்கினது. எனக்கு ஒரு உடம்புக் கோளாறு. அடக்க முடியாது. துணி நனைஞ்சிடும். அந்த வாடை என்னோடதுங்க. தொட்டியோடது இல்ல. அவர் என்னைக் குறை சொல்லக்கூடாதுன்னுதான் வாடையே இல்லன்னு சொல்றார்."

சொல்லிவிட்டு மடியில் இருந்த பையைச் சரி செய்துகொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னாள். குமாஸ்தா 'என்னோடது' வரைக்கும் தட்டிவிட்டு, தட்டவா நிறுத்தவா என்று அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். மறுபடியும் விசைப்பலகைச் சத்தம். சர்வேயர் கையை நீட்டி அந்தப் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அரையிஞ்சு அந்த நேரத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவரை மோசக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்குத் தெரியாமல் யாராவது கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனால் பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவர். விலையில்தான் அரையிஞ்சு, எண்ணிக்கையில் நேர்மை. அன்றைக்கு அவருக்கு முன்னால் ஒருத்தி தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்து மேஜைமேல் கொட்டினாள், கொடுக்கவேண்டிய கடன் அவளுடையது அல்ல என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கண்ணாடிக்கடியில் இருந்த டெலிபோன் நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அந்த அறையில் யாருக்கும் இல்லை. உரிமைக்கோரிக்கை ஏற்கப்படுகிறது என்று சொல்லி ஃபைலை மூடினார்.

"தேங்க்ஸ் மேடம்," என்றார் அரையிஞ்சு.

மாடிப்படியில் இறங்கும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். "ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நல்லது. இவ்வளவு நாள் அலைஞ்சீங்க."

பணம் வந்தது. தொட்டி புதிது, தரை புதிது, குழாய் புதிது. இந்தத் தடவை எட்டாயிரம் கொடுத்து ரப்பர் கப்ளிங்கே வரவழைத்தார், தன் கையாலேயே மாட்டினார். வண்டி புதுப்பெண் மாதிரி வீட்டு வாசலில் நின்றது. உள்ளே மரத்தூள் வாசனையும் புதுப் பெயிண்ட் வாசனையும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உலர்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னார்:

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரலாமா? கிளம்பு."

"நீங்க போயிட்டு வாங்க."

"ஏன்?"

"புதுசா தரை போட்டிருக்கு. நான் ஏறி அதையும் கெடுக்கணுமா?"

குத்திக்காட்டியிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். அவள் குத்தவில்லை. கறை படிந்த கையோடு புதுத்துணியைத் தொடாமல் தள்ளி நிற்கிறவர்கள் சொல்வது போலச் சொன்னாள். அரையிஞ்சு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்த வாடை உன்னோடது இல்ல."

"எது?"

"வண்டியில வந்தது. தொட்டியோடது. நான் ஒரு முழங்கை ஒட்டினேனே, அது விரிசல் விட்டிருந்தது. அதுலேருந்து ஊறி வந்த வாடை."

அவள் கையில் இருந்த துண்டைப் பாதி மடித்தபடி நிறுத்தினாள். "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"ஒரு சந்தேகமாத்தான் முதல்ல..."

"பேரம் பேசாதீங்க. எப்பத் தெரியும்?"

"நீ முதல் தடவை கேட்டியே, அதுக்கு முந்தின வாரமே."

துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"தங்கச்சி பேத்தி பொறந்தப்ப போனோமில்ல," என்றாள். "தங்கச்சி தூக்கிட்டு வந்து எங்கிட்ட நீட்டினா. எனக்குச் சளி பிடிச்சிருக்கு, ஒட்டிக்கும்னு சொல்லிட்டேன். அடுத்த தடவையும் சளின்னேன். அதுக்கடுத்த தடவையும். பச்சக் குழந்தை, என் மடியில படுத்துட்டு எழுந்திருச்சா அது மேல வாடை வந்துடுமோன்னு. கடைசியில தங்கச்சி கேட்டா, 'ஏன்க்கா, பொட்டப்புள்ளைன்னு தூக்க மாட்டேங்கிறியா?' அதுக்கும் நான் பதில் சொல்லல. என்னன்னு சொல்றது? அதோட அவ போன் பண்றதை நிறுத்திட்டா."

தங்கச்சியிடமிருந்து போன் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்குள் ஏதோ பெண்கள் விவகாரம் என்று விட்டுவிட்டார்.

"நான் பேசறேன். நானே போய் தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்," என்றார்.

"அதை நான் சொல்லிக்கறேன். நீங்க அங்க போய்ச் சொல்லுங்க."

"எங்க?"

"அந்த ரூம்ல. அந்த மூணு பேர்கிட்ட. நான் சொன்னப்ப யார் யாரு இருந்தாங்களோ அவங்ககிட்ட. ஒருத்தர் தட்டிக்கிட்டு இருந்தார் இல்ல, அவரும் இருக்கணும்."

"அங்க போய்ச் சொன்னா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"ரிப்பேருக்குப் பாதிக்கு மேல செலவழிச்சாச்சு. வேணும்னா ஒண்ணு செய்யலாம், பணத்தைப் பத்திப் பேசாம, ஒரு கடிதமா..."

அவள் துண்டை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கடைத்தெருவில் அந்தப் பார்வைக்கு ஓர் அர்த்தம் உண்டு. விலை சொல்லியாகிவிட்டது, இனி வாங்குகிறவன் பாடு.

ஏஜெண்ட் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "அண்ணே, பணம் வரலைன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். வந்துருச்சுன்னு அழுற ஆளை இப்பதான் பாக்கறேன். அவங்களுக்கு ஒரு நகை வாங்கிக் கொடுங்க. முடிஞ்சது."

"அது அவ கேட்ட சாமான் இல்ல," என்றார் அரையிஞ்சு.

அதே மூன்றாவது மாடி. சர்வேயரை வரவழைக்க அதிகாரிக்கு இஷ்டமில்லை. அரையிஞ்சு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து, கெஞ்சி, வரவழைத்தார். பழக்கப்பட்ட வேலையல்ல. கெஞ்சுவதற்கும் பேரம் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம், கெஞ்சும்போது கையில் சரக்கு இருக்காது. மூன்று பேரும் உட்கார்ந்ததும் நின்றுகொண்டே சொன்னார். முழங்கை, பசை, ஈரம், லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே சொன்ன வார்த்தை, பிறகு இந்த மேஜையில் சொல்லாமல் விட்ட வார்த்தை.

"அந்தப் போட்டோவை எடுத்திருக்கவே கூடாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார் சர்வேயர். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார். "பொய்த் தகவல் கொடுத்துப் பணம் வாங்கினதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். முழுசாத் திருப்பிக் கட்டினா அதுக்குமேல போகமாட்டேன்."

"கட்டிடறேன் மேடம். அந்தக் காகிதத்துல அவ சொன்னதை மட்டும் அடிச்சுடுங்க."

"பதிவானதை அடிக்க முடியாது. கீழ உங்க வாக்குமூலத்தைச் சேர்க்கலாம்."

"மேல இருக்கிறது அப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும்."

அவர் வாழ்நாளில் அதைவிடக் கறாரான கடைக்காரரைப் பார்த்ததில்லை. சொன்னார், குமாஸ்தா தட்டினார், கையெழுத்துப் போட்டார். பணம் கட்டுகிற கவுண்டரில் வேறு கூத்து. பணம் கேட்பதற்கு அங்கே கட்டுக்கட்டாகப் படிவம் இருந்தது, திருப்பிக் கொடுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. "எந்தத் தலைப்புல வரவு வெக்கிறதுன்னு தெரியலையே சார்" என்று அந்தப் பெண் நாலு பேரிடம் கேட்டுவிட்டு, கடைசியில் 'இதர வரவு' என்று எழுதினாள்.

நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவள் மேலே இருப்பதைப் படித்தாள். கீழே இருப்பதைப் படித்தாள். மறுபடியும் மேலே போனாள்.

"இது அப்படியே இருக்கே."

"அழிக்க மாட்டாங்களாம்."

"ம்."

அந்த வாரமே தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டியை எடுக்கிறேன் என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

"பஸ்ல உனக்கு எப்படி..."

"டிரைவர்கிட்ட நிறுத்தச் சொல்வேன். கேட்டா நிறுத்துவாங்க. கேக்கறதுக்குத்தான் இவ்வளவு நாள் கூச்சமா இருந்தது." செருப்பை மாட்டிக்கொண்டாள். "அதைவிடப் பெருசா மூணு பேர் முன்னாடி சொல்லியாச்சு. இனிமே என்ன."

நாலு நாள் கழித்து வந்தாள். அவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, அவள் முகம் கழுவி வரும்வரை காத்திருந்து கேட்டார்:

"தங்கச்சி என்ன சொன்னா?"

"அழுதா. அப்புறம் உங்களைத் திட்டினா. உங்களைத் திட்டினது கொஞ்சம் நேரம் ஜாஸ்தி."

"சரிதான். பாப்பா? தூக்கினியா?"

"தூக்கினேன். இறங்கி ஓடிடுச்சு. இப்ப நல்லா நடக்குது, ஓடுது. யாரு தூக்கினாலும் நிக்கிறதில்லையாம். மடியில படுக்கிற வயசு முடிஞ்சுபோச்சுன்னு தங்கச்சி சொன்னா."

அவள் உள்ளே போனாள். அரையிஞ்சு வாசலில் இறங்கிப் போய், கேரவனின் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கணக்குப் போடுகிற புத்தி. கம்பெனியிடம் வாங்கியது மூன்று லட்சத்து அறுபத்தெட்டு, திருப்பிக் கட்டியது மூன்று லட்சத்து அறுபத்தெட்டு, அந்தக் கணக்கு நேர். ரிப்பேருக்குக் கைக்காசு போனது இரண்டு லட்சத்து எழுபது, கடையில் விற்றுச் சரிக்கட்டிவிடலாம், அதுவும் நேர். வீட்டுக் கணக்கில் வரவு, ஒரு காகிதத்தின் அடியில் நாலு வரி. பற்று, அதே காகிதத்தின் மேலே இருக்கிற நாலு வரி, ஒரு குழந்தை மடியில் படுத்துக் கிடந்திருக்க வேண்டிய மாதங்கள், தங்கச்சியிடமிருந்து வராமல்போன போன்கள், வழியில் படிக்காமல் விட்ட ஊர்ப் பெயர்கள். இரண்டையும் கழித்துப் பார்த்தார். அவர் பேரிலேயே பாக்கி நின்றது.